14 அடிப் பரமபதம் துணியில் போட வேண்டும்: பெயிண்ட் உதிராமல் இருக்க என்ன செய்வது?

கேள்வி: நகரியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். ஆந்திராவில் சித்தூர் பக்கம் நகரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் பவர்லூம் ஓடுகிறது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தெருவில் இரண்டும்.

வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்காமல் இருப்பதற்கு எங்கள் பஜனைக் கோயில் வாசலில் பரமபதம் ஆடுவது பழைய வழக்கம். எதிர் வீட்டுத் தெலுங்குக்காரர்கள் அதையே வைகுண்டபாளி என்பார்கள். என் மாமியாருக்கு 81 வயது. கல்யாணமான புதிதில் திருப்பதியில் வாங்கிய ஒரு காகிதப் படத்தை இன்னும் வைத்திருக்கிறார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் பழைய வேட்டித் துணி ஒட்டித்தான் நிற்கிறது. இத்தனை வருஷமும் தெருவே அந்தப் படத்தில்தான் ஆடியது.

மூன்று வருஷமாக அத்தைக்குக் கண் அழுத்த நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் யார் வந்தாலும் தெரிவதில்லை. சின்ன எழுத்து மங்கல். முந்தின வருஷம் ஆட உட்கார்ந்தவர், "என் காய் எங்கே, பாம்புகிட்ட வந்துட்டேனா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். பிறகு ஆடுவதையும் நிறுத்திவிட்டார். சுவரில் சாய்ந்து விடிய விடிய சும்மா உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் ஒரு யோசனை. பிள்ளைகள் நிற்கிற அளவுக்குப் பெரிய படம். தாயக்கட்டைகளைப் பெரியவர்கள் உருட்டுவார்கள், பிள்ளைகள் காயாக நடப்பார்கள். அத்தையின் காய் என் மகள். எங்கே நிற்கிறாள் என்று அத்தைக்குத் தானாகவே தெரியவேண்டும்.

போன வருஷம் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் சுவர் பெயிண்டால் கட்டம் போட்டேன். சாயங்காலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் காலடியில் தோல் தோலாக உரிந்தது. மார்கழிப் பனி வேறு இறங்கி, பக்கத்து வீட்டுப் பெண் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்ந்துவிட்டது. அத்தோடு சுருட்டி வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் துணியில் செய்ய ஆசை. காடா துணி இங்கே மலிவு. 48 அங்குல அகலத்தில் தறிக்காரரே தருவார். என்னிடம் ஆறு வாரம் இருக்கிறது, 1,500 ரூபாய் இருக்கிறது. ஒரு கட்டம் ஒன்றரை அடி, பத்துக்குப் பத்து, 15 அடி என்று கணக்குப் போட்டிருக்கிறேன். எந்தப் பெயிண்ட்? இவ்வளவு பெரிய படத்தில் கோடு கோணாமல் எப்படிப் போடுவது? கட்டை எதில் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: புத்தூரிலிருந்து

தங்கச்சி, நான் 30 வருஷம் புத்தூரில் போர்டு எழுதினவன். துணி பேனர் காலத்திலிருந்து கையில் பிரஷ் பிடித்தவன் என்பதால் சொல்கிறேன், துணிக்கு வந்தது நல்ல முடிவு. ஃப்ளெக்ஸின் மேலே பிளாஸ்டிக் பூச்சு. தண்ணீர் பெயிண்ட் அதற்குள் இறங்காது, மேலே படுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எனாமல் அடித்தால் கொஞ்சம் அதிகம் தாங்கும், ஆனால் மடித்தால் வெடிக்கும், பனியில் இன்னும் வழுக்கும்.

காடா வாங்கியதும் கத்திரியை எடுக்காதே. முதலில் துவை. தறியில் இழை அறாமல் இருக்க பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள் என்று உனக்கே தெரியும். அந்தக் கஞ்சி இருக்கிற வரை பெயிண்ட் பிடிக்காது. ஒரு ராத்திரி ஊறவைத்து, சோப்புத்தூள் போட்டுச் சுடுதண்ணீரில் அலசு. காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். முத்தாக நின்றால் கஞ்சி இன்னும் இருக்கிறது. உடனே உறிஞ்சினால் சரி. அப்போது துணி சுருங்கியிருக்கும். 48 அங்குலம் 48 ஆக இருக்காது, நீளமும் குறையும். அதனால் 15 அடிக் கணக்கை இப்போதே நம்பிவிடாதே.

பெயிண்டுக்கு வெள்ளை எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயிண்ட்) 1 லிட்டர், நிறம் கலக்கச் சின்னச் சின்ன ஸ்டெய்னர் பாட்டில்கள் போதும். மஞ்சள், வெளிர் பச்சை, வெளிர் நீலம் எல்லாம் அதிலேயே கலக்கலாம். ஆனால் ஒன்று கவனி. வெள்ளையில் ஸ்டெய்னரை எவ்வளவு ஊற்றினாலும் அடர் சிவப்போ கறுப்போ வராது. அதிகம் ஊற்றினால் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். அடர்த்தியான நிறம் வேண்டிய இடத்துக்குத் தனியாகச் சின்ன டப்பா வாங்கு, அல்லது கலர் துணியை வெட்டித் தைத்துவிடு. நீதான் தையல்காரியாயிற்றே. பெயிண்ட் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு, மெல்லிசாக ஒரே கோட். தடிப்பாக அடித்தால் துணி அட்டை மாதிரி விறைத்து மடிப்பில் வெடிக்கும்.

பெயிண்ட் துணியைத் தாண்டிக் கீழே இறங்கும். கீழே உன் பழைய ஃப்ளெக்ஸை விரித்துக்கொள். அதில் பெயிண்ட் ஒட்டாது என்று நீயே பார்த்திருக்கிறாய், துணி சுலபமாக எழும்பி வரும்.

கோட்டுக்கு அளவுகோல் வேண்டாம். கொத்தனார் மாதிரி நூலில் காவிப்பொடி தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி ஒரு சொடுக்கு. 15 அடிக் கோடு ஒரு நொடியில் விழும். ஆனால் அதற்கு முன்னால் நாலு மூலையும் சரியா என்று பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அள. இரண்டும் ஒரே அளவாக வந்தால்தான் சதுரம். 15 அடிக்குக் குறுக்களவு 21 அடி 2½ அங்குலம் வரவேண்டும். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் கூடினாலும் மேல் வரிசைக்குப் போகும்போது கட்டமெல்லாம் சாய்ந்துவிடும். இந்த வேலைக்கு ஒரு முழு மணி நேரம் கொடு, அவசரப்படாதே.

பதில் 2: ஸ்ரீகாளஹஸ்தியிலிருந்து

அக்கா, எங்கள் வீட்டில் கலம்காரி வேலை, துணியில் கையால் படம் தீட்டுவது. கோட்டுக்கும் எழுத்துக்கும் நல்ல கறுப்பு வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது, செலவும் குறைவு.

துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தால் மூன்று வாரத்தில் புளித்து ஒரு கரைசல் வரும். அதைத் தனியாகத் துணியில் தீட்டினால் மங்கலாகத்தான் இருக்கும். துணியை முதலில் கடுக்காய்ப் பொடியும் பாலும் கலந்த தண்ணீரில் முக்கிக் காயவைத்திருக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கண் முன்னாலேயே கறுக்கும், பிறகு துவைத்தாலும் போகாது. பால் எதற்கென்றால், அதிலுள்ள கொழுப்பு கோட்டைப் பரவ விடாமல் பிடிக்கும். நாங்கள் எருமைப் பால்தான் போடுவோம்.

ஆனால் 15 அடித் துணி முழுவதையும் முக்குவது உங்களுக்கு வேண்டாம். கடுக்காயும் பாலும் அவ்வளவு பிடிக்கும், அண்டா இல்லாமல் ஒரே சீராக நனையவும் நனையாது. மேலே வைகுண்டம் வருகிற பட்டைக்கு மட்டும் இரண்டு மீட்டர் தனியாக இப்படிச் செய்து, பிறகு படத்தோடு சேர்த்துத் தையுங்கள். கோபுரம், சங்கு, சக்கரம் எல்லாம் அதில் அழகாக வரும். கடைசியில் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். பால் வாடை நின்றால் பூச்சியும் எலியும் வரும்.

கரைசலுக்காக நீங்கள் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பானை தயாராக இருக்கும். நகரிப் பக்கம் வரும்போது ஒரு பாட்டில் தருகிறேன். மூங்கில் குச்சியில் கம்பளி நூல் சுற்றிய கலமும் ஒன்று தருகிறேன், பிரஷ்ஷைவிட அதுதான் இதற்குச் சரி.

கேட்டவர்

அண்ணா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. 24 மீட்டர் காடா வாங்கி, வெட்டாமல் துவைத்தேன். அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. 48 அங்குலம் 45½ ஆகிவிட்டது. நாலு துண்டை இணைத்து, தையலுக்கும் ஓர மடிப்புக்கும் போனால் 176 அங்குலம்தான் மிஞ்சுகிறது. துவைக்காமல் தைத்திருந்தால் முதல் மழையிலேயே எல்லாம் போயிருக்கும். கட்டத்தை 17 அங்குலமாகக் குறைத்துக்கொண்டேன். அப்போது படம் 170 அங்குலம், 14 அடிக்கு இரண்டு அங்குலம் கூட.

பதில் 3: சித்தூரிலிருந்து (பாலக்காடு பக்கத்துச் சித்தூர், உங்கள் ஜில்லா இல்லை)

அக்கா, நான் இங்கே தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். வகுப்பு வராந்தாவில் இரண்டு தடவை பெரிய பாம்புக்கட்டம் செய்திருக்கிறேன். என் அம்மாவுக்கும் உங்கள் அத்தைக்கு இருக்கிற அதே கண் நோய். அதனால் பெயிண்டைவிட்டு வேறு சில விஷயங்கள் சொல்கிறேன்.

பெரிதாக இருந்தால் தெரியும் என்று நினைத்திருக்கிறீர்கள். இந்த நோயில் ஓரப் பார்வைதான் முதலில் போகும், குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. படத்தின் விளிம்பிலேயே நாற்காலி போட்டால் அவர்களுக்கு ஐந்தாறு கட்டம் மட்டும்தான் கண்ணில் படும். எட்டி உட்கார வையுங்கள், உயரத்திலும் வையுங்கள். திண்ணை இருந்தால் திண்ணை. எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு படம் அந்தக் குழாய்க்குள் வரும். மங்கல் நிறத்துக்குப் பக்கத்தில் மங்கல் நிறம் வைத்தால் இரண்டும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். கட்டத்துக்குக் கட்டம் கலர் மாற்றாமல் வரிசைக்கு வரிசை மாற்றுங்கள், ஒன்று வெள்ளை, ஒன்று நல்ல மஞ்சள். கீழிருந்து வரிசையை எண்ணினாலே எந்தப் பத்தில் காய் நிற்கிறது என்று தெரிந்துவிடும். விளக்கு படத்தின் மேலே விழவேண்டும், அவர்கள் கண்ணில் அடிக்கக்கூடாது. உங்கள் மகளுக்கு ஒரே நிறத்தில் அழுத்தமான பாவாடை போடுங்கள், பூப்போட்டது வேண்டாம்.

எல்லா எண்ணும் பெரியவர்கள் உட்காரும் பக்கம் பார்த்தே இருக்கட்டும். பிள்ளைகள் எந்தப் பக்கம் நின்றாலும் படித்துவிடுவார்கள். 1 கீழே இடது மூலையில் தொடங்கினால் 10 வலது மூலை, 11 அதற்கு நேர் மேலே. இப்படி மாறி மாறிப் போனால் 100 மேலே இடது மூலைக்கு வரும். முதல் தடவை நான் 51-இல் திசையை மாற்ற மறந்து, பாதிப் படத்தை அழித்து எழுதினேன்.

கட்டைக்கு டியூப் லைட் வருகிற நீள அட்டைப் பெட்டி பாருங்கள். குறுக்கே சதுரமாக இருக்கும். ஒரு அடி நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, உள்ளே புளியங்கொட்டை போட்டு, இரண்டு முனையையும் ஒட்டி, மேலே துணி சுற்றித் தைத்துவிடுங்கள். நீளக் கட்டை என்பதால் முனையில் நிற்காது, நாலு பக்கத்தில் ஒன்றில்தான் விழும். செருப்புப் பெட்டி வேண்டாம், அகலப் பக்கமே திரும்பத் திரும்ப விழும். கொட்டை உருளும் சத்தம் கேட்டே யார் உருட்டினார்கள் என்று அம்மா சொல்லிவிடுவார்.

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது உங்கள் பக்கமும் இருக்கும். கட்டையின் நாலு பக்கத்தில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. தாயம் என்றால் ஒரு கட்டையில் ஒன்று, இன்னொன்றில் வெறுமை. இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு. 16 விதமாக விழலாம் என்றால் அதில் இரண்டுதான் தாயம். காகிதத்தில் ஆடினால் பரவாயில்லை, பனியில் நிற்கிற பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு எது விழுந்தாலும் இறங்கலாம் என்று வையுங்கள். 16-இல் ஆறு ஆகிவிடும்.

பாம்பையும் ஏணியையும் வரையாமல் துணியில் தனியாக வெட்டி, அழுத்து பட்டன் வைத்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடம் மாற்றலாம். எங்கள் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

கேட்டவர்

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தையைப் படத்துக்கு ஒட்டியே உட்கார வைக்கத்தான் இருந்தேன். திண்ணை என்று மாற்றிவிட்டேன்.

பாம்பை இடம் மாற்றுவதில் மட்டும் எனக்கு மனம் இல்லை, தவறாக நினைக்காதீர்கள். எங்கள் பழைய படத்தில் பாம்புகளின் பெயர் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. அத்தைக்குத் தெலுங்கு பேச வரும், படிக்கத் தெரியாது. எந்தப் பாம்பு எங்கே என்று அறுபது வருஷமாக இடத்தை வைத்தே தெரியும். நேற்று படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காமல் விரலை வைத்து, "இங்க ராவணன், இங்க கம்சன், இது சின்னது, நாலு கட்டம்தான் இறக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், ஒன்று கூடத் தப்பவில்லை. அந்த இடங்களை மாற்றினால் இந்த வேலைக்கே அர்த்தம் இல்லை. அதே கட்டங்களில் நிரந்தரமாகத் தைக்கப்போகிறேன். பெயரை இரண்டு எழுத்திலும் எழுதுகிறேன்.

பாம்புக்குச் சிவப்பு ரவிக்கைத் துணி, கடையில் வெட்டில் மிஞ்சியது. ஏணிக்குப் பச்சை பாவாடை நாடா. பஞ்சு அடைத்துப் புடைப்பாக வைக்கலாமா என்று மகள் கேட்டாள். கால் தட்டும் என்று வேண்டாம் என்றேன்.

கேட்டவர் (ஏகாதசி முடிந்து மூன்றாம் நாள்)

ஆடினோம். ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பித்து விடிகாலை நாலு மணி வரைக்கும்.

குறுக்களவு 240½ அங்குலம் வரவேண்டும் என்று கணக்குப் போட்டோம். ஒரு பக்கம் 240, இன்னொரு பக்கம் 241 வந்தது. துணியை மூலையில் பிடித்து இழுத்து அதையும் சரி செய்து, பிறகுதான் நூல் சொடுக்கினேன். பெயிண்ட் ஒரு இடத்திலும் உரியவில்லை. பனியில் துணி கொஞ்சம் ஈரமானது, யாருக்கும் வழுக்கவில்லை. கோயில் வாசல் மண்தரை என்பதால் துணி நகரவும் இல்லை. டைல்ஸ் தரையில் போடுகிறவர்கள் ஓரத்தில் மணல் பை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு 1,340 ரூபாய். அதில் துணிக்கு 720, மீதி பெயிண்டும் ஸ்டெய்னரும் டேப்பும்.

காளஹஸ்தித் தம்பி கொடுத்த கறுப்பில் சங்கும் சக்கரமும் என் மகன் எழுதினான். எழுதும்போது சாம்பல் நிறமாக இருந்து, பார்த்துக்கொண்டே இருக்கையில் கறுத்தது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் அதைப் பார்க்கவே இரண்டு நாள் வந்தார்கள்.

அத்தையைத் திண்ணையில் தலையணை வைத்து உட்கார வைத்தோம். படத்துக்கும் திண்ணைக்கும் பன்னிரண்டு அடி இருக்கும். மகளுக்குச் சிவப்புப் பாவாடை தைத்திருந்தேன், ஆனால் பாம்பும் சிவப்பு என்பது கடைசியில்தான் உறைத்தது. அவசரமாகக் கரு நீலத்தில் ஒன்று தைத்தேன். மஞ்சள் வரிசையிலும் வெள்ளை வரிசையிலும் அது தனியாகத் தெரிந்தது.

முதலில் இரண்டு மூன்று தடவை, "இப்ப அம்பத்தி மூணுல நிக்கறா அத்தை" என்று நான்தான் சொன்னேன். பிறகு பேச்சில் மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தார். என்ன என்று கேட்டேன். "அவ கம்சனுக்கு ரெண்டு கட்டம் முன்னாடி நிக்கறா. ரெண்டு மட்டும் விழக்கூடாது" என்றார். யாரும் சொல்லவில்லை, அவரே பார்த்தது. உருட்டினார், இரண்டுதான் விழுந்தது. மகள் பாம்பு வழியாகவே ஓடி இறங்கினாள், தெருவே கத்தியது. அத்தை, "இன்னொரு தடவ ஏறிக்கலாம், நீ அங்கயே நில்லு" என்று சத்தமாகச் சொன்னார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

இரண்டு குறைகள், அடுத்து செய்பவர்களுக்காக. பெரிய பாம்பின் வால் தையல் விட்டுவிட்டது. நேர்த்தையல் போதாது, ஓரம் முழுக்க ஜிக்ஜாக் போடுங்கள். அப்புறம், கட்டை உருட்ட ஒரு தாம்பாளமோ ஜமக்காளமோ தனியாகப் போடுங்கள். திண்ணையிலிருந்து உருண்டு கட்டை இரண்டு தடவை சாக்கடை ஓரம் போய்விட்டது.

படத்தை மடிக்கவில்லை. மடிப்பில் வெடிக்கும் என்று அண்ணா சொன்னாரே, அதனால் ஒரு பிவிசி குழாயில் சுற்றி, பழைய சேலையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஏகாம்பரகுப்பத்திலிருந்து ஒருவர் சங்கராந்திக்குக் கேட்டிருக்கிறார். வால் தைத்ததும் கொடுப்பேன்.